ஒன்பதரை மணி எந்த ஊர் மணி?



கடந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கொண்டச்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். போன காரணம் வேறு. கோழி வளர்ப்புக் கடனுக்கான படிவம் ஒன்றில் கையொப்பம் வாங்க வேண்டியிருந்தது. படலையைத் திறக்கும்போதே உள்ளே யாரோ அழும் சத்தம் கேட்டது. மௌத்து வீடோ என்று பயந்துபோனேன். அப்படி ஒன்றுமில்லை. வீட்டுக்கார உம்மா கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, இரவு முழுக்க நித்திரை இல்லாத முகத்தோடு மரமுந்திரிகை மரத்தடியில் இருந்தார். மூத்த மகள் முதல்நாள் பின்னேரம்தான் குவைத்துக்குப் பயணமாகியிருந்தாள்.

"மிஸ், ஆறரைக்கு ஏறி ஒம்பதரைக்கு எறங்குறதெண்டு ரிக்கற்றுல கெடக்கு. மூணு மணித்தியாலம்தானே. ஒம்பதரைக்குப் பாத்தன், பத்துக்குப் பாத்தன், பன்னெண்டுக்கும் பாத்தன். புள்ள எடுக்கவே இல்ல. பிளேனுக்கு ஏதும் நடந்திட்டோ எண்டு வயிறு பத்தி எரிஞ்சிச்சு. வெடிய அஞ்சரைக்குத்தான் எடுத்தாள். எட்டு மணித்தியாலம் என்ட புள்ள எங்க கெடந்தாள்?"

மகள் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அழுகை அந்த இரவுக்கான அழுகை. அதுவும் ஒரு நல்லதற்கே என்று படிவத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, அந்தச் சீட்டின் படத்தைத் தொலைபேசியில் காட்டச் சொன்னேன். மாலை 6.30 கொழும்பு, இரவு 9.30 குவைத் என்று சரியாகத்தான் போட்டிருந்தது. ஆனால் 6.30 என்பது கொழும்பு மணி, 9.30 என்பது குவைத் மணி. விமானச்சீட்டில் எப்போதும் அப்படித்தான். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். குவைத் மணி எங்கள் மணிக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். அங்கே ஒன்பதரை ஆகும்போது கொண்டச்சியில் சரியாக நள்ளிரவு பன்னிரண்டு. அந்த உம்மா பத்து மணிக்குப் பதறியபோது விமானம் அரபிக்கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது. சீட்டை வாங்கிக் கொடுத்தவர் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாமே என்ற கோபம். நியாயமான கோபம்தான். எனக்கும் இதைச் சொல்லித் தந்தவர்கள் இல்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பெண்களும் தொழிலுக்கான புலம்பெயர்வும்' என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். ஒரு விமானச்சீட்டை வாசிக்கப் பழகியது வேலைக்கு வந்தபிறகுதான். ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தில் தூரத்தையும் நேரத்தையும் பற்றியே பேசுவோம்.

நேரம் மாறுவது எங்களுக்குப் புதிய விஷயமல்ல. முப்பது வயதைத் தாண்டிய மன்னார்ப் பெண் எவருக்கும் 'பழைய நேரம், புது நேரம்' என்றால் விளங்கும். 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது, அதே வருடம் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. இடைப்பட்ட அந்தக் காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. 2003இல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உயிலங்குளம் சோதனைச்சாவடியைத் தாண்டியது எனக்கு நல்ல ஞாபகம். அந்தப் பக்கத்தில் நாலு மணி, இந்தப் பக்கத்தில் நாலரை. நடுவில் இருந்தது கொஞ்சத் தூரம் மட்டும். அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பிவைத்துக்கொண்டே நடந்தார். ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு மணியோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். கொழும்புக்கும் குவைத்துக்கும் இடையிலுள்ள இரண்டரை மணியைக் கணக்குப் பார்ப்பது எங்களுக்குப் பெரிய வேலையே அல்ல.

பிள்ளைகள் போகும் மற்ற ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். குவைத், ரியாத், தோஹா மூன்றும் எங்களுக்கு இரண்டரை மணி பின்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். இலண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் பின்னால். ரொறொன்ரோ குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. அந்த இரண்டு ஊர்களிலும் வருடத்துக்கு இரு தடவை கடிகாரத்தை மாற்றுவார்கள். வளைகுடா நாடுகளில் அந்தத் தொல்லை இல்லை.

இனித் தூரம். ஆகாயத்தில் றோட்டு இல்லை, ஆகவே நேராகப் போகலாம் என்று நினைப்போம். பூமி உருண்டை என்பதால் 'நேர்' என்பதே வேறு மாதிரி. இதை நான் முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் பிளாஸ்ரிக் பந்து ஒன்றை எடுத்துத் தையல் நூலால் காட்டினேன். பந்தில் இலங்கைக்கு ஒரு புள்ளி, கனடாவுக்கு ஒரு புள்ளி. நூலை இரண்டு புள்ளிக்கும் இடையில் இழுத்துப் பிடித்தால் அது பக்கவாட்டில் போகாமல் மேலே ஏறிப் பந்தின் உச்சிக்குக் கிட்டப் போய்த்தான் மறுபக்கம் இறங்குகிறது. அந்த நூலின் நீளம்தான் விமானத் தூரம் என்று எழுதப்படுவது. சுவரில் தொங்கும் படத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் பிழைத்துவிடும். மன்னார் கிழக்கே 80 பாகை, ரொறொன்ரோ மேற்கே 79 பாகை. ஏறக்குறைய உலகத்தின் மறுபக்கம். கொழும்பிலிருந்து ரொறொன்ரோ 14,000 கிலோமீற்றர் அளவில் வரும். மிகக் குறுகிய வழி ஆர்க்டிக் பனிப்பிரதேசத்துக்கு மேலால்தான். நடைமுறையில் எங்காவது ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் போகவேண்டியிருக்கும், அதனால் தூரமும் நேரமும் கூடும்.

கொழும்பிலிருந்து குவைத் 4,140 கிலோமீற்றர். ரியாத் 4,040. தோஹா 3,600 அளவில், துபாய் 3,300 அளவில். இலண்டன் 8,700. பெரிய விமானம் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஆகவே தூரத்தை 850ஆல் பிரித்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்துக்கொண்டால் ஏறக்குறையச் சரியாக வரும். குவைத்துக்கு ஐந்து மணித்தியாலமும் சொச்சமும் வரும். சீட்டிலுள்ள ஐந்தரைக்கு அது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

திரும்பி வரும்போது நேரம் குறைவது ஏன் என்று கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. காரணம் காற்று. மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகமான காற்று ஓடுகிறது. வடக்குப் பக்கத்தில் அது குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. வள்ளத்தில் போய்வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தக் கூட்டத்திலும் மீனவக் குடும்பத்துப் பெண்கள்தான் முதலில் தலையாட்டினார்கள்.

காற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய சங்கதி. கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பு ஒரு காலத்தில் உலகப் பிரசித்தம். ஆங்கிலேயர் வந்த புதிதில் கொண்டச்சிக் கரையிலேயே பெரிய கொட்டகை நகரம் ஒன்று எழும்பும் என்று அன்றைய பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டியில் குளித்தபோது பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபுச் சுழியோடிகள் வந்தார்கள். 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் வேலைசெய்த லெனார்ட் வூல்ஃப் என்ற அதிகாரி, பின்னாளில் பேர்பெற்ற எழுத்தாளர், அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, நூறு வருடத்துக்கு முன்னர் அந்தக் கரையின் ஆண்கள் எங்கள் கடலுக்குக் கூலிக்கு வந்தார்கள். இன்று எங்கள் கரையின் பெண்கள் அங்கே போகிறார்கள்.

சரி, மகளின் பயணத்துக்கு வருவோம். அன்று அவள் வீட்டைவிட்டு இறங்கியது காலை ஐந்து மணிக்கு. கொண்டச்சியிலிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 170 கிலோமீற்றர்தான். விமானம் என்றால் வெற்றிலை போட்டு முடிய முதல் இறங்கிவிடும். ஆனால் தரையில் சிலாவத்துறை, முருங்கன், மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் என்று சுற்றி ஏறக்குறைய 300 கிலோமீற்றர். மறிச்சுக்கட்டியால் வில்பத்துக் காட்டை ஊடறுத்துப் புத்தளம் போகும் பழைய பாதை யுத்தத்தில் கைவிட்டது, பிறகு வழக்குக்குள் போனது. வான் பகல் பன்னிரண்டுக்கு விமான நிலையம் போய்ச் சேர்ந்தது. ஏழு மணித்தியாலம். அதாவது கொண்டச்சியிலிருந்து கட்டுநாயக்க போகும் நேரம், கட்டுநாயக்கவிலிருந்து குவைத் போகும் நேரத்தைவிடக் கூட. பிறகு மாலை ஆறரை வரை அங்கே காத்திருப்பு. நள்ளிரவு, எங்கள் மணிக்கு, குவைத்தில் இறக்கம். பிறகும் ஐந்தரை மணித்தியாலம் ஏன் பேச்சில்லை? கடவுச்சீட்டுச் சோதனை வரிசை, பிறகு வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை ஓர் அறையில் இருப்பு. கையிலிருந்த தொலைபேசிக்கு அந்த நாட்டு சிம் இல்லை. அவர்களுடைய வீட்டுக்குப் போய், வைஃபை கேட்டு வாங்கித்தான் உம்மாவுக்கு எடுத்திருக்கிறாள். இருபத்துநாலரை மணித்தியாலப் பயணத்தில் பறந்தது ஐந்தரை மட்டும்.

போய்வந்த சகோதரிகள் பலரும் எனக்குச் சொன்னது இதைத்தான்: அந்த அறையில் இருக்கும் நேரம்தான் மிக நீளமானது. அதனால் பயணமாகும் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் ஒரு பேச்சு முதலே இருக்கட்டும். "இறங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்காவிட்டால்தான் நாங்கள் தேடுவோம்" என்று. விமானத்தின் இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் தட்டினால் விமானம் இறங்கிவிட்டதா என்று பக்கத்து வீட்டுப் பொடியனே பார்த்துச் சொல்வான். ஆறு மணி தாண்டியும் தகவல் இல்லையென்றால் முகவரைக் கேட்பது ஒருபுறம் இருக்க, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறும் சீட்டென்றால் அங்கே எத்தனை மணித்தியாலம் இருப்பு என்பதையும் கேட்டு எழுதுங்கள். மலிவான சீட்டுகளில் சிலவேளை பறக்கும் நேரத்தைவிட இருக்கும் நேரம் கூட. கடவுச்சீட்டு, ஒப்பந்தம், சீட்டு மூன்றையும் பிரதி எடுத்து வீட்டில் ஒன்று, நம்பிக்கையான இன்னொரு வீட்டில் ஒன்று என்று வையுங்கள். இரண்டாவது வீடு ஏன் என்பதற்கு இனி நான் சொல்லப்போகும் கதை காரணம்.

நான் பந்தையும் நூலையும் வைத்துக் குவைத் ஐந்தரை மணித்தியாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த சகோதரி சிரித்தார். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். "எனக்கு அஞ்சு கெழம எடுத்திச்சு மகள்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அவர் 1988இல் குவைத்துக்குப் போனவர். 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. விமான நிலையம் மூடிவிட்டது. பல பத்தாயிரம் இலங்கையர் அங்கே அகப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுவேலைப் பெண்கள். அவருடைய வீட்டுக்காரர் குடும்பத்தோடு சவூதிக்குத் தப்பிப் போய்விட்டார், இவருடைய கடவுச்சீட்டு அவருடைய பெட்டகத்துக்குள். இன்னும் சில இலங்கைப் பெண்களோடு சேர்ந்து பஸ்ரா, பக்தாத், அங்கிருந்து பாலைவனத்தால் ஜோர்தான் எல்லை. ருவைஷித் பக்கத்துக் கூடாரங்களில் தண்ணீருக்கு வரிசை, ரொட்டிக்கு வரிசை. பகலில் நெருப்பு வெயில், இரவில் குளிர். பிறகு அம்மானுக்கு பஸ். ஜோர்தானிலிருந்து அகதிகளை நாடு நாடாக அனுப்பிவைத்த விமானங்கள் ஒன்றில் ஏறி, ஒரு துண்டுக் கடதாசியைக் கடவுச்சீட்டாகக் காட்டிக் கட்டுநாயக்கவில் இறங்கினார். அது செப்டெம்பர் மாதத்துப் பிற்பகுதி. கையில் இரண்டு வளையல்.

"ஊருக்கு வந்து உம்மாட கையால சோறு திண்டன். ஒரு மாசம்தான் திண்டன்."

அந்த ஒக்டோபரின் கடைசி வாரத்தில்தான் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறும்படி புலிகள் அறிவித்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். முசலிப் பக்கத்திலிருந்து கால்நடையாகக் காட்டுவழியால் போனவர்களில் இவரும் ஒருவர். வளையல் இரண்டும் அதோடு போயின. கொண்டச்சியிலிருந்து புத்தளம் நேர்கோட்டில் 75 கிலோமீற்றர். நூலால் பார்த்தால் பந்தில் ஒரு புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும். போக மூன்று நாள், திரும்பிவர இருபது வருடம். 2010இல்தான் அவர் மீண்டும் கொண்டச்சிக்கு வந்தார். வளவில் காடு நின்றது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். குவைத்திலிருந்து ஓடி வந்தவர்களுக்கு ஐக்கிய நாடுகள் சபை 1991இல் ஒரு நட்டஈட்டு ஆணைக்குழுவை அமைத்தது. வெளியேற நேர்ந்தவர்களில் தனியாளுக்கு 2,500 அல்லது 4,000 அமெரிக்க டொலர் என்று நிரந்தரத் தொகை. இலங்கையிலும் ஏராளமான பெண்கள் அதைப் பெற்றார்கள். இவர் புத்தளத்து முகாமில் ஓலைக்கொட்டிலில் இருந்தார். செய்தி எட்டியதே பிந்தித்தான். எட்டியபோது கையில் கடவுச்சீட்டும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, அம்மானில் கொடுத்த துண்டும் காட்டுவழியில் நனைந்து போய்விட்டது. விண்ணப்பிக்கவில்லை. யாரையும் அவர் குறை சொல்லவில்லை. நான்தான் அன்றிரவு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு யுத்தத்தில் அகப்பட்ட ஒரு பெண்ணுக்கு, ஒன்றின் நட்டஈட்டை மற்றது பறித்துவிட்டது.

அவர் பேசி முடித்ததும் தமிழ்ச் சகோதரி ஒருவரும் வாய்திறந்தார். 2007 செப்டெம்பரில் முசலியிலிருந்து இடம்பெயர்ந்தவர். அவருடைய அக்கா 1990இல் வள்ளத்தில் போய் இன்னும் மண்டபம் முகாமில். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் 30 கிலோமீற்றர் அளவுதான். 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை ரயிலும் கப்பலுமாக ஒரே பயணச்சீட்டில் போன வழி. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. இன்று அக்காவைப் பார்க்கப் போவதென்றால் கட்டுநாயக்கவுக்கு 300, சென்னைக்கு ஆகாயத்தில் 650, அங்கிருந்து இராமேஸ்வரம் பக்கம் ஓர் இரவு ரயில். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2019 நவம்பரில் தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. அது 360 கிலோமீற்றர்தான், பணத்துக்குத்தான் வழியில்லை. "தலைமன்னாரில் நின்றால் இராமேஸ்வரத்து வெளிச்சம் தெரியும் என்பார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

யுத்தம் வந்தால் ஆகாயவழியும் அடைபடும் என்பதைக் கிட்டடியிலும் பார்த்தோம். 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது கட்டார், குவைத், பஹ்ரெய்ன், அமீரகம் ஆகிய நாடுகள் சில மணித்தியாலம் தங்கள் வான்பரப்பை மூடின. பறந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின. அன்றிரவு கொண்டச்சியில் எத்தனை வீட்டில் விளக்கு அணையவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியான நாளில் சீட்டிலுள்ள நேரத்துக்குப் பெறுமதியில்லை. விமான இலக்கத்தை மட்டும் பாருங்கள்.

அந்த முதல் வீட்டு உம்மாவுக்கு இப்போது கணக்கு நன்றாக வருகிறது. சுவரில் இரண்டு மணிக்கூடு. ஒன்றின் கீழ் பேரப்பிள்ளை 'உம்மாட நேரம்' என்று கரிக்கட்டியால் எழுதியிருக்கிறான். போன கிழமை கடன் தவணை விஷயமாகப் போனபோது மகள் அனுப்பிய திரும்பும் சீட்டைக் காட்டினார். குவைத் இரவு 10.15, கொழும்பு காலை 5.45. நான் வாயைத் திறக்க முன்னமே விரலை மடித்தார். "அங்க பத்தேகால் எண்டா இங்க ஒண்டுக்கு கால் மணி கெடக்கு. அதுல இருந்து அஞ்சேமுக்காலுக்கு அஞ்சு மணித்தியாலம். போகக்க அஞ்சரை. அரை மணி காத்துக்குக் கழிவு. சரிதானே மிஸ்?"

சரிதான் என்றேன். வானை முதல்நாள் இரவு ஒன்பதுக்கு எடுப்பதா, பத்துக்கு எடுப்பதா என்பதில்தான் தாய்க்கும் மருமகனுக்கும் இன்னும் இழுபறி. வழியில் யானை நிற்கும், ஒன்பதுக்கே இறங்குவோம் என்பது உம்மாவின் கட்சி.